உருகாத மருந்து

வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று எனக்குப் பாடம் நடத்தியவர் என் அப்பாதான். எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் அவர் அறிவியல் வாத்தியார். வருடா வருடம் வகுப்பில் இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் அதைப் புரியவைத்தார், அல்லது புரியவைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் மட்டும் அது அவரால் முடியவில்லை.

போன வாரம் அதே பாடத்தை என் மகளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். அவள் ஏழாம் வகுப்பு. "ரெண்டும் ஒண்ணுதானேம்மா? எதுக்கு ரெண்டு பேரு வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள். சாதாரணக் கேள்வி. நான் போட்ட சத்தத்தில், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். மகள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

கோபம் அவள் மேல் இல்லை. அவளுக்கு இரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் போட்டாக வேண்டும். என் கணவர் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் இஞ்சினியர். சுண்ணாம்புக்கல் வேகிற உலையில் எத்தனை டிகிரி என்பதைத் திரையில் பார்த்துப் பார்த்துக் கூட்டிக் குறைப்பதுதான் அவர் வேலை. அப்படிப்பட்ட மனிதர், மாதாந்திரப் பராமரிப்புக்காக மறுநாள் முழுக்கக் கரண்டு இருக்காது என்று கேள்விப்பட்டதும், முன்யோசனையாக மகளின் மருந்தை எடுத்து ஃபிரீசருக்குள் வைத்துவிட்டார். முதலிலேயே நன்றாகக் குளிர்ந்துவிட்டால் சாயங்காலம் வரைக்கும் தாங்கும் என்பது அவர் கணக்கு. உறைந்துபோன இன்சுலின் செத்த இன்சுலின். மறுபடி இளகிய பிறகு பார்த்தால் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அந்தச் செத்த மருந்தைத்தான் பிள்ளைக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரி வரைக்கும் போய் மீண்டு வந்திருக்கிறாள். இப்போது நன்றாக இருக்கிறாள். நான்தான் இன்னும் நன்றாக இல்லை.

ஆஸ்பத்திரி வராண்டாவில் அவரை நான் பேசிய பேச்சை அங்கே இருந்த எல்லாரும் கேட்டார்கள். மகளும் கேட்டாள். "இஞ்சினியர்னு வெளிய சொல்லிக்காதீங்க" என்றுகூடச் சொன்னேன். அவர் மருந்துச் சீட்டை மடித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

இதே மருந்து, இதே மாதிரி ஒரு முன்யோசனை, எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டிலும் நடந்தது.

எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்கள் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். ஓடுகிற டிராக்டரின் பின்னால் ஓடிக் கரும்பு உருவுவதில் என் தம்பியை மிஞ்ச ஆள் கிடையாது. அதனால் எட்டு வயதில் அவனுக்குச் சர்க்கரை நோய் என்று திருச்சி டாக்டர் சொன்னபோது, ஊருக்குக் காரணம் தேட வேண்டிய சிரமம் இருக்கவில்லை. கரும்புக்கும் இந்த வியாதிக்கும் சம்பந்தமே இல்லை என்று அப்பா தெருவில் நின்று விளக்கினார். எல்லாரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு தங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு, கரும்பைத் தொட்டால் தோலை உரித்துவிடுவேன் என்றார்கள்.

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, வேறு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். உடம்புச் சூடு. "சூடு மண்டைக்கு ஏறிப்போச்சு மாப்ள. அதான் பய தண்ணி தண்ணிங்கறான்" என்று உச்சந்தலையில் வைக்க விளக்கெண்ணெயும் குடிக்க இளநீரும் கொண்டு வந்திருந்தார். அப்பா உள்ளே போய்த் தெர்மாமீட்டரை எடுத்து வந்து முதலில் தம்பி வாயில் வைத்தார். கழுவி, உதறி, மாமா வாயிலும் வைத்தார். இரண்டு பேருக்கும் ஒரே அளவு. "இப்ப சொல்லுங்க, யாருக்குச் சூடு?" என்றார். மாமா தெர்மாமீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உள்சூட்டைக் காட்டாது மாப்ள" என்றார்.

அப்பா தலையில் அடித்துக்கொள்வது அந்த நாட்களில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வெட்டி வெட்டிப் பேசுவார். பென்சில் முனை உடைந்தால்கூட வீடே அதிரும். ஆனால் அவர் சத்தத்துக்குப் பயப்படாத ஒரே ஆள் வீட்டில் இருந்தாள். என் அத்தை.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணமான சில வருடத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள். அவளுக்குப் பிள்ளை இல்லை. கூலிக்குக் களை எடுத்து அப்பாவைப் படிக்கவைத்தவளும் அவள்தான். என் தம்பி பிறந்தபோது அம்மா படுக்கையில் கிடந்ததால், அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, இடுப்பில் சுமந்து வளர்த்தவளும் அவள்தான். அவன் அம்மாவை 'அம்மா' என்று கூப்பிட்டதே தாமதமாகத்தான் என்பார்கள்.

மருந்து குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊரில் ஒரு வீட்டிலும் ஃபிரிட்ஜ் கிடையாது. அப்பா ஒரு பெரிய மண்பானைக்குள் சின்னப் பானையை வைத்து, நடுவில் மணலைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, ஈரத்துணியால் மூடி ஜன்னல் ஓரமாக வைத்தார். உள்ளே மருந்துப் புட்டி. வைத்தவர் சும்மா இருந்திருக்கலாம். விளக்கினார்.

"மணல்ல இருக்கிற தண்ணி ஆவியாப் போறப்ப, பானையில இருக்கிற வெப்பத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிடும்க்கா."

"எங்க எடுத்துக்கிட்டுப் போவுது?" என்றாள் அத்தை.

"காத்துக்கு."

"காத்து அத வெச்சிக்கிட்டு என்ன பண்ணும்?"

அப்பா விடவில்லை. இன்னொரு நாள் வகுப்பில் எங்களிடம் கேட்ட கேள்வியை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்தார். ஒரு டம்ளர் நிறையக் கொதிக்கிற தண்ணீர். ஒரு அண்டா நிறைய வெதுவெதுப்பான தண்ணீர். எதில் வெப்பநிலை அதிகம்? எதில் வெப்பம் அதிகம்? வகுப்பில் நான்தான் சரியான பதில் சொன்னேன். டம்ளரில் வெப்பநிலை அதிகம். ஆனால் மொத்தமாகச் சேர்ந்திருக்கும் வெப்பம் அண்டாவில்தான் அதிகம். அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, "அண்டாத் தண்ணியில ஒரு ஆள் குளிக்கலாம். டம்ளர் தண்ணியில எண்ணெய்தான் உருக்கலாம்" என்றாள். நான் சிரித்தேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

புரியாவிட்டாலும் சொன்னதைச் செய்வாள். மணல் ஒரு நாளும் காய்ந்ததில்லை. பானைக்குப் பக்கத்தில் விளக்கு ஏற்றினால்கூட எங்களைத் திட்டுவாள்.

காலையில் அம்மா எழுந்ததும் மாட்டைக் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போய்விடுவாள். அடுப்படி அத்தையுடையது. குளிக்க ஒரு அண்டா வெந்நீர் போடுவாள். ஊசி போடும் கண்ணாடிக் குழலையும் ஊசியையும் ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுக் கொதிக்கவைப்பாள். அப்பா குளித்துவிட்டு வந்து பானையைத் திறந்து மருந்தை எடுப்பார். அந்தக் காலத்து மருந்து அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும், மேலே தெளிவாக நிற்கும். புட்டியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினால் கலந்து பால் மாதிரி ஆகும். அப்புறம்தான் ஊசி. அத்தை பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஊசி இறங்கியதும் தம்பி கத்துவான். "ஜில்லுங்குதுப்பா! எரியுதுப்பா!"

"இத்தனூண்டு மருந்து உன்னைக் குளிர வெச்சிடுமாடா? அண்டா வெந்நியில ஒரு சொட்டுப் பச்சத்தண்ணி விட்டா அண்டா ஆறிடுமா?"

"எனக்குக் குத்தற எடத்துல ஜில்லுங்குது" என்று அழுவான் தம்பி. இப்போது யோசித்தால் அறிவியல்படி இரண்டு பேர் சொன்னதும் சரிதான்.

அத்தை அவன் தொடையைத் தேய்த்துக்கொண்டே அப்பாவை முறைப்பாள்.

மார்கழி பிறந்தது. தம்பிக்கு மூக்கு ஒழுகியது. அது சாதாரணச் சளி, போய்விட்டது. ஆனால் அதன் பிறகு அவன் மறுபடி செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். ராத்திரி எழுந்து எழுந்து வெளியே போனான். அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து சோதனைக் குழாயும் ஸ்பிரிட் விளக்கும் ஒரு நீலக் கரைசலும் கொண்டு வந்து வைத்திருந்தார். கரைசலில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுச் சூடாக்கினால், சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை. அதிகமானால் செங்கல் நிறம். 'வாத்தியார் மூத்திரத்தைக் காச்சறார்' என்று தெருவே பேசியது. இத்தனை நாளும் நீலமும் பச்சையுமாக வந்துகொண்டிருந்தது இப்போது செங்கல் நிறமாக வந்தது. மறுநாளும் செங்கல்.

அப்பா முதலில் தம்பியைப் பிடித்தார். "கரும்பு தின்னியா?" அவன் இல்லையென்றான். கால்சட்டைப் பைகளைத் திருப்பிப் பார்த்தார். வாயை ஊதச் சொன்னார். அம்மாவைப் பிடித்தார், பொங்கலில் வெல்லம் போட்டுக் கொடுத்தாயா என்று. என்னைப் பிடித்தார், மிட்டாய் வாங்கிக் கொடுத்தாயா என்று. அத்தையிடம் மட்டும் கேட்கவில்லை. அவள் அவனுக்காகத் தானே இனிப்பை விட்டுவிட்டவள் என்பது அவருக்குத் தெரியும். மருந்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுப் பார்த்தார். செங்கல் நிறம் மாறவில்லை.

ஒரு நாள் விடிகாலையில் தம்பி வாந்தி எடுத்தான். அப்புறம் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். ஓடி வந்தவன் மாதிரி மூச்சு வாங்கியது. அந்த மூச்சில் அழுகப்போகும் பழத்தின் வாசனை வந்தது. அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு ஓடினார். அம்மா பால் வாளியைத் தெருவிலேயே வைத்துவிட்டுப் பின்னால் ஓடினாள். பெரம்பலூர் போய், அங்கிருந்து திருச்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு.

நானும் அத்தையும் வீட்டில் இருந்தோம். அவள் சமைக்கவில்லை. மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். அந்த நிலையிலும் பானை மணலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். உள்ளே மருந்தே இல்லை என்றேன். "மருந்து வரும்" என்றாள்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் அப்பா வந்தார். தாடி வளர்ந்திருந்தது. "பொழச்சிக்கிட்டான்க்கா. கண்ண முழிச்சதும் கரும்பு கேக்கறான்" என்றார். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு அப்பாவுக்குக் கோபம் வந்தது. திருச்சி டாக்டர் எங்கள் மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாராம். உள்ளே கண்ணாடியில் பொரிப் பொரியாக ஒட்டியிருந்ததாம். "இது சூடு பட்ட மருந்து. வெறும் தண்ணியத்தான் புள்ளைக்குக் குத்தியிருக்கீங்க" என்றாராம். அப்பா டாக்டருக்கே பானையைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறார். பிறகு அவர் மனதில் மிஞ்சியது ஒரே ஆள்தான். பெரம்பலூரில் எங்களுக்கு மருந்து தரும் கடைக்காரர்.

அவர் லப்பைக்குடிக்காட்டுக்காரர். எல்லாரும் பாய் என்போம். அண்ணன் தம்பிகள் எல்லாம் சவூதியில் இருக்க, இவர் மட்டும் இங்கே மருந்துக்கடை வைத்திருந்தார். அப்பா வரும் வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கி அவர் கடைக்குப் போய் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வந்திருக்கிறார். "என் ஃபிரிட்ஜ் மேல கைய வெச்சுப் பாருங்க சார்ங்கறான். கரண்டு போனப்ப என்ன பண்ணான்னு யாருக்குத் தெரியும்? கெட்டுப்போன மருந்தக் குடுத்துட்டான்க்கா" என்று அத்தையிடம் கத்தினார். பாய் புது மருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதை அப்பா பானைக்குள் வைத்தார். அத்தை அந்தக் கடைக்காரரைச் சபித்தாள். நானும் என் பங்குக்குச் சபித்தேன்.

மறுநாள் காலை நாங்கள் மூவரும் திருச்சிக்குக் கிளம்ப வேண்டும். அப்பா குளிக்க வெந்நீர் எடுக்க வந்தார். நான் தலை பின்னிக்கொள்ள அடுப்படிக்குப் போனேன். நல்ல பனி. அடுப்புப் பக்கத்தில் எவர்சில்வர் டம்ளரில் ஆவி பறக்கும் வெந்நீர். அதற்குள் உறைந்துபோன தேங்காய் எண்ணெய்ப் புட்டி நின்றது. மார்கழியில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எண்ணெய்ப் புட்டிக்குப் பக்கத்தில், அதன் தோளில் சாய்ந்துகொண்டு, புது மருந்துப் புட்டியும் நின்றது.

அப்பாவும் பார்த்துவிட்டார்.

"இதாச்சும் நல்ல மருந்துன்னு பாத்தேன்" என்றாள் அத்தை, அடுப்பை ஊதிக்கொண்டே. "இதுவும் அப்படித்தான் இருக்கு பாரு. எண்ணெய் எப்பவோ உருகிடுச்சு. மருந்து அடியில வெள்ளையா அப்படியே உறஞ்சு கெடக்கு. எவ்வளவு சூட்டுல வெச்சாலும் உருக மாட்டேங்குது."

அவள் தொடர்ந்தாள். மார்கழி பிறந்ததிலிருந்து தினமும் செய்கிறாளாம். உறைந்த மருந்தை அப்படியே குத்துவதால்தான் பிள்ளைக்கு ஜில்லென்று எரிகிறது, சளி பிடிக்கிறது. ஊசியைக் கொதிக்கவைக்கிறோம், குழலைக் கொதிக்கவைக்கிறோம், மருந்தை மட்டும் ஏன் பச்சையாகப் போட வேண்டும்? "நீயுந்தான் உள்ளங்கையில வெச்சுத் தேச்சுத் தேச்சுச் சூடு பண்ற. கைச்சூட்டுல அது எங்க உருகும்? அதான் நான் வெந்நியில வெச்சு எடுத்து, தொடச்சு, நீ குளிச்சிட்டு வரதுக்குள்ள திரும்பப் பானையில வெச்சுடுவேன். நீ சொன்னது சொன்னபடி பானையில குளிர்ச்சியாத்தான் இருக்கும்."

அப்பா வெடிக்கப்போகிறார் என்று இரண்டடி பின்னால் தள்ளி நின்றேன். பென்சில் முனைக்கே வீடு அதிரும். இது தம்பியின் உயிர்.

அப்பா குனிந்து டம்ளர் தண்ணீரில் விரலை வைத்தார். சுட்டதும் இழுத்துக்கொண்டார். பிறகு எண்ணெய்ப் புட்டியை, மருந்துப் புட்டியை, அத்தையைப் பார்த்தார். அத்தை ஊதுகுழலோடு அண்ணாந்து, பாராட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"எண்ணெய் உருகிடுச்சுக்கா, எடுத்துக்க" என்றார். "மருந்த நான் எடுத்துக்கறேன். இனிமே இத வெந்நியில வெக்க வேணாம். இப்ப புதுசா வர மருந்துக்கு அது தேவையில்லயாம். டாக்டர் சொன்னாரு."

"அப்ப பழசுக்கு?"

"பழசு கடையிலயே கெட்டுப்போயிடுச்சு. அதான் சொன்னேனே."

நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் தோளில் இறங்கியது. தோள் வலிக்க வலிக்க என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிப் போனார். "அத்தை வெந்நியில வெச்சதுனாலதானேப்பா..." என்றேன். நான் வகுப்பில் முதல் மாணவி. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. காரணம் தெரிந்த கேள்விக்குத் தப்பான பதிலை எழுதுவதை என்னால் தாங்க முடியவில்லை.

"வகுப்புல சரியான பதில் எழுது. வூட்டுல எழுத வேணாம்" என்றார் அப்பா. நான் அவரை வெறுத்தேன். பொய் சொன்னால் பிரம்பால் அடிக்கும் மனிதர்.

பெரம்பலூரில் இறங்கியதும், "நீங்க இங்கயே பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க, நான் மருந்து வாங்கிட்டு வந்துடறேன்" என்று அப்பா எங்களை நிறுத்திவிட்டுப் போனார். வெந்நீரில் நின்ற புது மருந்து இனி ஆகாது. அது அத்தைக்குத் தெரியாது. நான் தண்ணீர் குடிப்பதாகச் சொல்லிவிட்டு அப்பாவின் பின்னாலேயே போனேன்.

கடையில் அப்பா கல்லாவுக்கு இந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தலை குனிந்த அப்பாவை நான் அதுவரை பார்த்ததில்லை. மெல்லிய குரலில் என்னவோ சொன்னார். பாய் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "விடுங்க சார். புள்ள பொழச்சுட்டான்ல, அல்ஹம்துலில்லாஹ். அது போதும்" என்றார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அத்தை வந்தாள். பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொன்னால் நிற்கிற ஆளா? வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள்.

"நீதானா அந்தக் கடக்காரன்?" என்றாள். கடையில் நான்கைந்து பேர் நின்றார்கள். "கெட்டுப்போன மருந்த விக்கிறியே, நீயும் புள்ள குட்டி பெத்தவன்தான? எங்க வூட்டுத் தங்கத்த வாரிக்கிட்டுப் போவ இருந்தியே! உன் கையில வெளங்குமா?"

அப்பா, "அக்கா, வாக்கா" என்று கையைப் பிடித்தார். அவள் உதறினாள். நான் பாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிவிடுவார். சொல்லட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

பாய் எழுந்து நின்றார். "ஆமாங்கம்மா. எங்க மேல தப்புதாங்க. ஃபிரிட்ஜு ஓடல, பாக்காம குடுத்துட்டோம். மன்னிச்சுக்குங்க."

சிரப் புட்டியைக் கையில் வைத்திருந்த ஒருவர் அதை மெதுவாக மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே நடந்தார். இன்னொருவர் தன் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த ஃபிரிட்ஜ் என் பக்கத்தில்தான் நின்றது. கையை வைத்துப் பார்த்தேன். அதன் உடம்பெல்லாம் உறுமிக்கொண்டிருந்தது. கதவு இடுக்கில் விரலை விட்டால் ஜில்லென்று காற்று வந்தது. இதோ ஓடுகிறதே என்று கத்தப்போனேன். பாய் என்னைப் பார்த்துவிட்டார்.

"பாப்பா, கைய எடும்மா" என்றார் என் கண்ணைப் பார்த்து. "அது ரிப்பேரு."

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் எங்களுக்கு அந்தக் கடையிலிருந்துதான் மருந்து வந்தது. திருச்சியிலிருந்து வருவதாக அத்தையிடம் சொல்லப்பட்டது. அவள் உறவுக்காரர்கள் எல்லாரிடமும் 'அந்தக் கடைப் பக்கம் தல வெச்சுப் படுக்காதீங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு தெளிவான உண்மையைக் குட்டிச்சுவராக்கிவிட்டார்கள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தேன்.

ஒரு தடவை அம்மாவுக்கு முடியாமல் போக, தம்பியைச் சோதனைக்குத் திருச்சிக்கு அத்தைதான் கூட்டிப்போனாள். திரும்பி வந்தவள் யாரிடமும் பேசவில்லை. பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அதன் பிறகு அந்தக் கடையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். சின்ன வெங்காயம் அறுத்ததும், நல்லதாகப் பொறுக்கி ஒரு பை நிறையக் கட்டி, "பெரம்பலூர்ல அந்தப் பாய் கடையில குடுத்துட்டு வா" என்று அப்பாவிடம் கொடுத்தாள். "கெட்ட மருந்து வித்தவருக்கு எதுக்கு வெங்காயம்?" என்று நான் வேண்டுமென்றே கேட்டேன். அப்பா பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை, "வெளஞ்சது நெறயக் கெடக்கு" என்று மட்டும் சொன்னாள். அப்பாவும் எதுவும் கேட்காமல் பையை வாங்கிக்கொண்டார்.

இப்போது அப்பா இல்லை. அத்தையும் இல்லை. தம்பிக்கு வழுக்கை விழுந்துவிட்டது, இன்றும் காலையில் ஊசி போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறான். இதையெல்லாம் நான் ஒரு வேடிக்கைக் கதையாகவே இத்தனை காலமும் சொல்லிவந்திருக்கிறேன். வாத்தியார் வீட்டில் மருந்தை எண்ணெய் மாதிரி உருக்கிய கதை.

நேற்று என் கணவர் வேலை முடிந்து வந்தார். சிமெண்ட் தூசியோடு நாக்கு வறண்டு வந்தவர், ஃபிரிட்ஜுக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றார். கதவைத் திறக்கவில்லை. குழாயைத் திறந்து வெதுவெதுப்பாக வந்த தண்ணீரைப் பிடித்துக் குடித்தார். "உள்ள ஜில்லுன்னு இருக்குதேப்பா" என்றாள் மகள். "பரவால்லடா" என்றார். யோசித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் அந்தக் கதவைத் தொடவேயில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தைக்குத் தெரிந்திருக்கிறது. திருச்சியில் அன்று யாரோ ஒரு நர்ஸ் யாரோ ஒரு தாயிடம், மருந்தில் சூடு காட்டாதே என்று சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டுவிட்டு வந்து, அப்பாவும் பாயும் தனக்காகச் சொன்ன பொய்யை உடைக்காமல் வைத்துக்கொண்டாள்.

அத்தை திருச்சி போய் வந்த பிறகு வந்த மார்கழியிலும் எண்ணெய் உறைந்தது. அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அத்தை ஈர்க்குச்சியைப் புட்டிக்குள் விட்டுக் குத்தி, வெள்ளையாக ஒரு துண்டை வெளியே எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"டம்ளர்ல வெந்நி மொண்டு அதுல வையேன் அத்தை!" என்று கத்தினேன்.

"வேணாம்டி. கைச்சூடே போதும்."

அவள் கை எண்ணெயைவிடச் சில்லென்று இருந்தது. உருக வெகுநேரம் ஆனது. அத்தைக்கு வயதாகிவிட்டது, எதைச் சொன்னாலும் ஏறுவதில்லை என்று நினைத்துக்கொண்டு, தலைமுடியை விரித்துப் போட்டபடி, அவள் தேய்த்து முடிக்கட்டும் என்று எரிச்சலோடு நின்றுகொண்டிருந்தேன்.